நாலாம் இலக்கத் தீர்மானம்

ஒரு முழங்காலுக்கு
இரண்டு பையன்கள் என்றார்கள் அக்கரைப்பற்றுக்காரர்.
முழங்கால் மெல்றோய் ரொசைரோவுடையது.
வலது. முப்பத்தேழு வயது.
மழை வருவது அதற்கு முதல்நாளே தெரியும்.
பையன்களுக்கு இன்னும் பேரில்லை.
தை மாதம் அவர்களுடைய பள்ளிக்கூட ஹொக்கி ரீமில்
முதல் இரண்டு பேரை நாங்கள் பொறுக்கலாம்,
அதுதான் பேச்சு.

தாண்டவன்வெளி ரியூசன் கொட்டிலில் கூட்டம்.
கரும்பலகையில் யாரோ அழிக்காமல் விட்டுப்போன
இருபடிச் சமன்பாடு.
அதற்குப் பக்கத்திலேயே எழுதினார் தலைவர் திவ்வியநாதன்:
மெல்றோய், கூடினால் இரண்டு வருசம்.
பையன்கள், பத்துப் பன்னிரண்டு.
கழித்துக் காட்டிவிட்டுக் கையைத் தட்டினார்,
சோக்குத் தூள் பறந்தது.

"விக்கிறதெண்டா இப்ப விக்கோணும்.
மறுகா சும்மா குடுத்தாலும் எடுக்கமாட்டானுகள்"
என்றான் பொருளாளர் புவிதரன்.
கோழித்தீன் கடை வைத்திருக்கிறவன்.
சொன்னதில் பிழையில்லை.
கிருபன் மூன்று வருசமாகத் தண்ணிப் போத்தல் தூக்குகிறான்,
மெல்றோய் நிற்கும்வரை
அவன் நிற்க இடமில்லை. அதுவும் உண்மை.

பலகையில் ஏறாத ஒன்றை நான் சொல்லியிருக்கலாம்:
பதினாறு வருசம் கோலுக்குள் நின்றதில்
பந்தைப் பார்த்ததைவிட
மெல்றோயின் முதுகைப் பார்த்ததுதான் கூட.
அது எந்தப் பக்கம் சரியுதோ
அதற்கு மற்றப் பக்கம் நான்.
ஆட்கள் கெட்டிக்காரன் என்று சொன்ன வித்தை
அவ்வளவுதான்.

சொல்லவில்லை. கை தூக்கினேன்.
அப்போது எனக்கு முப்பத்தொன்பது.
அவனுடைய வயதைப் பேசும்வரைக்கும்
என்னுடையதைப் பேசமாட்டார்கள்.

மறுநாள் ஜேர்சியைத் தோய்த்து மடித்துக்
கொண்டுவந்து தந்தான்.
விடுவிப்புக் கடிதத்தை நின்றபடியே வாசித்தான்.
"ரெண்டு பேர்தானா?
மூண்டு கேட்டிருக்கலாமே மச்சான்."

தை மாதம் பேர்கள் வந்தன.
ஹஸ்னி பங்குனிக்குள் மச்சானோடு கட்டாருக்குப் போய்விட்டான்.
றுஸ்தி மிச்சம்.
ஓடத் தெரியும், நிற்கத் தெரியாது,
சிலவேளை பந்தை விட்டுவிட்டும் ஓடுவான்.
ஆடியில் கல்முனைக்கு எதிராக நாலு கோல் அடித்தான்.
அன்றைக்குப் புவிதரன்
எல்லோருக்கும் கொத்து வாங்கிக் கொடுத்தான்,
கணக்கில் எழுதாமல்.

பிறகு அக்கரைப்பற்று, எங்கள் மைதானத்துக்கு.
ஒன்றுக்கு ஒன்று. கடைசி நிமிடம், பெனால்டி கோர்னர்.
அடிக்க வந்து நின்றான் மெல்றோய்.
இடப்பக்கம் விழ நான் அரைநொடி பிந்துவேன்.
பூமியில் ஒருத்தனுக்குத்தான் அது தெரியும்.
அவன் என்னைப் பார்த்தான், ஸ்டிக்கைப் பார்த்தான்,
வலப்பக்கம் அடித்தான்.
பந்து என் பேட்டில் பட்டு
கிறவலில் கிறுகிக் கிறுகி வெளியே போனது.

இரக்கமா, முழங்காலா?
கை கொடுக்கும்போது கேட்க வாயெடுத்தேன்.
முந்திக்கொண்டு சொன்னான்:
"கச்சான் இழுத்துட்டுது."
அன்றைக்குக் கச்சான் அடிக்கவே இல்லை.
மூலைக்கொடி கம்போடு ஒட்டிக் கிடந்தது.

அவர்கள் லீக்கில் இரண்டாவது, நாங்கள் மூன்றாவது.
கிருபன் இப்போது நன்றாக ஆடுகிறான்,
ஆனால் அவன் முதுகை எனக்கு வாசிக்கத் தெரியவில்லை.
எது லாபமென்று யாரும் கேட்டால்
ஆண்டறிக்கை இருக்கிறது, பாருங்கள் என்பேன்.

இந்த வருசமும் அதே கொட்டில்.
நாலாம் இலக்கம் வந்ததும் திவ்வியநாதன் தொண்டையைச் செருமி
"நீங்க கொஞ்சம் வெளிய நிண்டா நல்லம்" என்றார்.
வாழைச்சேனையிலிருந்து வந்திருக்கிறதாம்.
ஒரு பையன்.

றுஸ்தியின் மோட்டச்சைக்கிளில் சாய்ந்து நிற்கிறேன்.
உள்ளே கதிரைகள் இழுபடுகின்றன.
சோக்குக் கட்டி கொஞ்ச நேரம் டொக் டொக் என்று எழுதுகிறது,
நிற்கிறது,
பிறகு ஒரே இழுவையில் ஒரு கோடு:
கழித்தலுக்கு அடியில் போடுகிற கோடு.